பாடம் வந்துவிட்டது, அறை எங்கே?

இலவச இணையவழிப் பாடநெறிகளை நடத்தும் பல்கலைக்கழகத்தார், அறக்கட்டளையினர், வார இறுதியில் டொரொண்டோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் ஸூமில் வகுப்பெடுக்கும் நம்மவர்கள் அனைவருக்கும்,



பதுளையிலிருந்து வரும் இந்த மடலில் முதலில் சொல்லவேண்டியது நன்றிதான். மொரட்டுவைப் பல்கலைக்கழகம் ஃபுல் ஸ்டேக் டெவலப்பர் பயிற்சிக்கென ஆறு பாடநெறிகளைக் கட்டணமின்றித் திறந்துவிட்டிருக்கிறது. வலைப்பக்க வடிவமைப்பில் தொடங்கி, பைதனைக் கடந்து, மென்பொருள் தொழிலின் நடைமுறை வரை அது போகிறது. தொழிலதிபர் தம்மிக்க பெரேராவின் டிபி எடியுகேஷன் 2019 முதல் பாடசாலைப் பாடங்களை யூடியூபில் ஏற்றிவருகிறது, தமிழிலும்தான். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளம் மும்மொழியிலும் உண்டு. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடநூல்களை பிடிஎஃப் கோப்புகளாகவே தருகிறது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் மலையக நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வருடி, எவரும் இறக்கி வாசிக்கலாம் என்று வைத்திருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன் பசறையிலோ அப்புத்தளையிலோ படித்த தோட்டப் பிள்ளைக்கு இவற்றில் ஒன்றுகூடக் கைக்கெட்டியதில்லை.

ஆகவே, பாடம் இல்லை என்ற பேச்சுக்கு இனி இடமில்லை. சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. உங்களில் பலர் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

உலகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2001இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் பாடக் குறிப்புகளை எல்லாருக்கும் திறக்கப்போவதாக அறிவித்தது. 2008இல் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமன்ஸும் ஸ்டீபன் டவுன்ஸும் நடத்திய பாடநெறியை ஒட்டித்தான் ‘மூக்’ (பெருந்திரள் திறந்த இணையவழிப் பாடநெறி) என்ற பெயரே பிறந்தது. 2011 இறுதியில் ஸ்டான்ஃபோர்டில் செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நோர்விக்கும் நடத்திய செயற்கை நுண்ணறிவு வகுப்பில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்ததும் பல்கலைக்கழக உலகம் கிறங்கிப்போனது. அடுத்த ஆண்டிலேயே கோர்செரா, எட்எக்ஸ் என்ற பாடநெறித் தளங்கள் கடைவிரித்தன. பட்டப்படிப்பின் காலம் முடிந்தது என்று ஆரூடம் சொன்னவர்களுக்கும் குறைவில்லை.

பிறகு கணக்குப் பார்க்கும் நாள் வந்தது. எட்எக்ஸில் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய பாடநெறிகளின் 1 கோடியே 26 இலட்சம் பதிவுகளை ஜஸ்டின் ரைக், ஹொசே ருய்பெரெஸ்-வலியென்டே என்ற இரு ஆய்வாளர்கள் அலசி, 2019 ஜனவரியில் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். 2017-18இல் பதிந்தவர்களுள் பாடநெறியை முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர், அதற்கு மேல் ஒரு சொச்சம். பதிந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்துக்குள் ஒருமுறைகூட நுழையவில்லை. வளர்ச்சி ஏறத்தாழ முழுவதும் வசதி படைத்த நாடுகளிலேயே குவிந்திருந்தது. இலாப நோக்கமற்றதாகப் பிறந்த எட்எக்ஸ் 2021இல் 80 கோடி டொலருக்கு 2யூ என்ற வணிக நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அந்த நிறுவனமும் 2024இல் கடன் தீர்க்க வழியின்றி நீதிமன்றம் போனது. ஹார்வர்டின் விரிவுரை இருந்தும், நல்ல இணைய வேகம் இருந்தும் நூற்றுக்கு மூன்றுதான். பதுளை மாவட்டத்து மடுல்சீமையில் எத்தனை என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்பிள்ளையை எண்ணிப்பாருங்கள். இப்படியான பிள்ளைகள் ஊவா மாகாணத்தின் ஒவ்வொரு தோட்ட டிவிஷனிலும் இருக்கிறார்கள். அம்மா விடியலில் கொழுந்துக்குப் போகிறாள். அப்பா கொழும்பில் கடையில் நிற்கிறார், அல்லது தோட்டத்திலேயே கவ்வாத்து வெட்டுகிறார். வீட்டில் ஒரு ஸ்மார்ட்போன். அதைத் தம்பியின் டியூஷன் வாட்ஸ்அப் குழுவும் கேட்கும், வெளிநாட்டிலிருக்கும் சித்தியின் அழைப்பும் கேட்கும். லயக் காம்பராவில் அடுப்படி போக மிஞ்சுவது பத்துக்குப் பன்னிரண்டு அடி. அடுத்த காம்பராத் தொலைக்காட்சி சுவருக்கு இப்பால் கேட்கும். சிக்னல் வேண்டுமென்றால் மேட்டு லயத்துக்கோ கோயிலடிக்கோ போகவேண்டும். பொழுதுசாய்ந்தபின் ஒரு பெண்பிள்ளை ஃபோனோடு கோயிலடியில் உட்கார்ந்திருந்தால் தோட்டம் என்ன பேசும் என்பதை மலையகத்தில் பிறந்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி செலவு. சுமாரான தரத்தில் ஒரு மணி நேரக் காணொளி பார்த்தால் ஏறத்தாழ அரை ஜிபி போகும். முப்பது மணி நேரக் காணொளியுள்ள பாடநெறி ஒன்று பதினைந்து ஜிபியைத் தின்னும். விளங்காத இடத்தைத் திருப்பிப் பார்த்தால் அதற்கும் மேல். 2022இல் நாடு வங்குரோத்தான ஆண்டில் மார்ச் கடைசியில் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் போனது. செப்டெம்பரில் தொலைபேசிக் கட்டணங்கள் இருபது சதவீதம் ஏறின. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்ததும், மலைநாட்டின் சிக்னல் கவலை தீர்ந்தது என்று சிலர் எழுதினார்கள். அதன் வழமையான வீட்டு இணைப்புக்கு அறிவிக்கப்பட்ட மாதக் கட்டணம் 15,000 ரூபா. அப்போது கொழுந்தெடுப்பவரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. பதினொரு நாள் முழுப்பேர், அதாவது முழு நாட்சம்பளம், விழுந்தால்கூட அந்த மாதக் கட்டணம் முழுதாய்த் தேறாது. சில நாள் அரைப்பேர் என்றால் இன்னும் கூடும். கருவிகளின் விலை தனி.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 5 முதல் 69 வயது வரையானோரின் கணினி அறிவை ஆண்டுதோறும் அளக்கிறது. 2021 அளவில் நாடு முழுவதும் மூவரில் ஒருவருக்குக் கணினியைத் தானாகக் கையாளத் தெரியும் என்றது அது. தோட்டத் துறையில் அந்த விகிதம் ஏறத்தாழப் பாதிதான். ஃபோனில் பைதன் பாடம் பார்க்கலாம். ஃபோனில் நிரல் எழுதிப் பழகிப் பரீட்சைக்கு நிற்பது வேறு வேலை. உங்கள் அறிமுகக் காணொளி எதுவும் இதைச் சொல்வதில்லை.

கொரோனாக் காலம் இதையெல்லாம் நாட்டுக்கே காட்டியது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடின. 2021இல் அசோசியேட்டட் பிரஸ் வெளியிட்ட செய்தியில் இரண்டு ஊர்கள் வந்தன. ஒன்று போஹிட்டியாவ. அங்கே பிள்ளைகள் பற்றைக்காடு வழியே மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து, பாறையுச்சியில் ஏறிச் சிக்னல் பிடித்தார்கள். அவர்களோடு ஓர் ஆசிரியையும் நடந்தார். நாலைந்து பிள்ளைகளுக்கு ஒரு ஃபோன். மற்றது நம்முடைய லுணுகலை. வனப் பகுதியின் மலையுச்சியில், நிலத்திலிருந்து முப்பதடி உயரத்தில் ஒரு மரவீடு. பெரியவர்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போய் முறைவைத்து ஏற்றினார்கள். மேலே போனவர் பாடத்தை இறக்கி, வீட்டுவேலையை அனுப்பிவிட்டு இறங்கினார். நாட்டின் 43 இலட்சம் மாணவரில் கூடிப்போனால் நாற்பது சதவீதத்தினரே இணையவழி வகுப்பில் சேர முடிகிறது என்று அதே செய்தியில் இலங்கை ஆசிரியர் சங்கத்தின் ஜோசப் ஸ்டாலின் சொல்லியிருந்தார்.

அந்தப் படங்களைப் பார்த்து உலகம் இரக்கப்பட்டது. பார்க்கவேண்டியது வேறொன்று. பாறைக்கும் மரவீட்டுக்கும் எந்தப் பிள்ளையும் தனியே போகவில்லை. குறித்த நேரம் இருந்தது, குறித்த இடம் இருந்தது, கூட வருவதற்கு ஆள் இருந்தது. சிக்னல் அரைகுறையாக இருந்தும் படிப்பு ஓடியது அதனால்தான். அதே மாதங்களில் வீட்டுக்குள் நாலு கோடு சிக்னல் வைத்திருந்த எத்தனையோ நகரத்துப் பிள்ளைகள் ஸூமில் கமராவை அணைத்துவிட்டுத் தூங்கினார்கள்.

நேரமும் இடமும் ஆளும் இருந்தால் படிப்பு ஓடும் என்பது பதுளைக்குப் புதிய செய்தியும் அல்ல. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980இல் தொடங்கப்பட்டது. பிரித்தானியாவில் 1969இல் பட்டயம் பெற்று, 1971 முதல் பிபிசியின் துணையோடு பாடம் நடத்திய திறந்த பல்கலைக்கழகம்தான் அதற்கு முன்மாதிரி. நம்முடையதற்கு நாவலையில் தலைமையகம், பதுளையிலும் ஒரு நிலையம். மலையகத்தில் இன்று உயர்தர வகுப்பெடுக்கும் ஆசிரியர் பலரின் பட்டப்பின் கல்வி டிப்ளோமா அங்கிருந்து வந்தது. அச்சிட்ட பாடப் புத்தகம், ஒப்படைகளுக்குக் கடைசித் தேதி, சனி ஞாயிறுகளில் நேரடி வகுப்பு, பதுளையிலேயே பரீட்சை. லுணுகலையில் முதல் பஸ் ஏறிவந்து மாலையில் திரும்பிப்போனார்கள். தொழில்நுட்பம் என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றுமில்லை. கட்டணம் உண்டு, அது பலருக்குப் பாரம்தான். ஆனால் வந்தவரின் பெயரை ஒருவர் கூப்பிட்டார், வராதபோது ஏன் வரவில்லை என்று கூட்டாளி ஒருவர் கேட்டார். உங்கள் இலவசப் பாடநெறியில் கட்டணத்தை எடுத்தபோது இவற்றையும் சேர்த்து எடுத்துவிட்டீர்கள்.

பதுளை மாவட்டத்தில் 2012 குடிசனமதிப்பின்படி ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மலையகத் தமிழர். இவர்களுக்கு எந்தப் பாடம் தேவை என்பதிலும் உங்களோடு ஒரு வழக்கு இருக்கிறது. இலவசம் என்றாலே வலை வடிவமைப்பு, டிஜிட்டல் மார்க்கெட்டிங், இப்போது செயற்கை நுண்ணறிவு என்று போகிறீர்கள். கொழும்பு வேலைச் சந்தைக்கு அது சரி. ஊவாவின் தமிழ்மொழி மூலப் பாடசாலைகளில் பெரும்பள்ளம் அதற்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. உயர்தரத்தில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் இரசாயனவியலும் தமிழில் கற்பிக்க ஆசிரியர் போதாது. பல பாடசாலைகளில் கலைப்பிரிவு மட்டுமே நடக்கிறது. சாதாரண தரத்தில் கணிதத்துக்கு நல்ல சித்தி எடுத்த பிள்ளைகூட வேறு வழியின்றிக் கலைக்குப் போகிறது. பதுளைக்குப் பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீடு உண்டு; அந்த ஒதுக்கீட்டில் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் போட்டியிட முதலில் அந்தப் பிரிவில் உட்கார்ந்து படித்திருக்க வேண்டுமே. 2005இல் பதுளையில் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கே ஒரு பட்டப்படிப்பு நடத்துகிறது. தேயிலைக்குள் பிறந்த பிள்ளைக்கு அந்த வாசல் விஞ்ஞானப் பிரிவு வழியாகத்தான் திறக்கும்.

இங்கேதான் நீங்கள் உண்மையில் உதவமுடியும். வேலைச் சான்றிதழ்களில் நூறாவதாக ஒன்றைச் சேர்ப்பதைவிட, இரண்டாண்டு உயர்தரப் பௌதிகவியலை இலங்கைப் பாடத்திட்டத்துக்கு அலகு அலகாகத் தமிழில் முழுமையாகச் செய்துகொடுப்பது பெரிய வேலை. டொரொண்டோவில் பொறியியலாளராக இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவருக்கு வார இறுதியில் மனமிருந்தால், வகுப்பு வகுப்பாக ஒருவரே எல்லாம் நடத்துவதைவிட, ஓர் அலகை எடுத்துத் திருத்தமாக முடித்துத் தரட்டும்.

முடித்ததைப் பூட்டிவைக்கக்கூடாது. இலங்கையில் இலவசமாகக் கிடைக்கும் பாடக் காணொளிகளில் பெரும்பாலானவை பார்க்க மட்டும் இலவசம். பசறையில் ஓர் ஆசிரியர் அதை இறக்கி, தேவையான பத்து நிமிடத்தை வெட்டி, தன் குரலில் விளக்கம் சேர்த்து, பென் டிரைவில் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் அது உரிமை மீறலாகிவிடலாம். யுனெஸ்கோ 2019இல் திறந்த கல்வி வளங்கள் பற்றி நிறைவேற்றிய பரிந்துரை பேசுவது இதைத்தான்: படியெடுக்கவும் மாற்றவும் பகிரவும் அனுமதி. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஒரு வரியில் அந்த அனுமதியைத் தந்துவிடும். நம் திறந்த பல்கலைக்கழகமே ஆசிரியப் பயிலுநர்களோடு இதைச் செய்துபார்த்திருக்கிறது. பேராசிரியர் ஷிரோனிகா கருணாநாயக்கவின் குழு, நாட்டின் பல பகுதி ஆசிரியர்கள் திறந்த வளங்களைத் தம் வகுப்புக்கு ஏற்றபடி மாற்றிப் பயன்படுத்துவதை ஆராய்ந்தது. செய்முறை தெரியாது என்று எவரும் சொல்லமுடியாது.

இணையமே வேண்டாத வழிகளும் பழையவைதான். எம்.ஐ.டி. தன் பாடங்களை ஹார்ட் டிஸ்க்கில் நிரப்பி, இணைய வேகம் குறைந்த ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. கோலிப்ரி என்ற மென்பொருள் சிறு கணினியொன்றில் பாடங்களை வைத்து, சுற்றியிருக்கும் ஃபோன்களுக்கு வைஃபையில் கொடுக்கும். டேட்டா ஒரு துளியும் போகாது. விக்கிப்பீடியாவுக்கு கிவிக்ஸ் இதே வேலையைச் செய்கிறது. மடுல்சீமையில் ஒரு பாடசாலைக் கணினி அறையில் இதைப் பொருத்த வெளிநாட்டு நிபுணர் வேண்டியதில்லை. பதுளை நகரில் ஃபோன் திருத்தும் பையன்கள் ஒரு பகலில் முடித்துவிடுவார்கள்.

கடினமானது ஆள்தான். 2000களின் நடுப்பகுதியில் அரசு ‘நெனசல’ நிலையங்களை நாடெங்கும் திறந்தது. விகாரைகளிலும் கோயில்களிலும் நூலகங்களிலும் கணினிகள் வந்தன. 2014இல் கேட்ஸ் அறக்கட்டளையின் பத்து இலட்சம் டொலர் விருதும் அந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. ஆனால் நிலையத்தை நடத்துபவருக்கு மாதாமாதம் சம்பளம் யார் கொடுப்பது என்பதுதான் இப்படியான எல்லாத் திட்டங்களையும் கடைசியில் மடக்குகிறது. கணினிக்கு நன்கொடை கொடுப்பவர் ஆயிரம் பேர். படம் எடுக்கலாம், பெயர்ப்பலகை போடலாம். உயர்தரம் முடித்த ஒரு பிள்ளைக்கு மாதச் சம்பளம் கொடுத்து, மாலை மூன்று மணி முதல் ஆறு மணி வரை அறையைத் திறந்துவைக்கச் சொல்வதற்கு யாரும் வருவதில்லை. பெயர்ப்பலகை மாட்ட அதில் இடமில்லை போலும்.

இந்தியாவில் இதற்கு விடை கண்டிருக்கிறார்கள். ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்பிடெல் இலட்சக்கணக்கானோர் படிக்கும் திட்டமாக வளர்ந்தது வெறும் காணொளியால் அல்ல. கல்லூரிகளில் உள்ளூர்ப் பிரிவு அமைத்தார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பொறுப்பாசிரியர், மாணவரோடு கூடப்போக வழிகாட்டிகள். பாடம் இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் சிறு கட்டணம் கட்டி, தம் ஊருக்குக் கிட்டிய நிலையத்தில் கண்காணிப்பாளர் முன்னால் பரீட்சை எழுதவேண்டும். தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் இந்தப் பிரிவுகள் மலிந்திருக்கின்றன. பரீட்சை நேரில் நடப்பதால் சான்றிதழுக்கும் ஒரு மதிப்பு உண்டு. கொழும்பில் நேர்முகத்துக்குப் போகும் தோட்டத்துப் பிள்ளையின் கையில், வீட்டிலிருந்து யாரும் எடுத்துக்கொடுத்திருக்கலாம் என்று சந்தேகப்படக்கூடிய சான்றிதழைவிட, பதுளையில் உட்கார்ந்து எழுதிப் பெற்ற சான்றிதழ் எவ்வளவோ மேல்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். தோட்டப் பாடசாலையில் தமிழில் படித்த பிள்ளை முதல் காணொளியிலேயே ஆங்கிலத்தில் முட்டி நின்றுவிடுகிறது. முழுவதையும் தமிழாக்கிவிட்டுத்தான் தொடங்கவேண்டும் என்று இம்மடல் கேட்கவில்லை. அறையில் இருக்கும் அந்த ஆள் பாதியை விளக்கிவிடுவார். தமிழில் குறிப்பு ஒன்றும், சிங்களமோ ஆங்கிலமோ தெரியாமலே கேள்வி கேட்க ஓர் இடமும் இருந்தால் போதும். இலவசமாய்க் கொடுப்பதில் மொழிக்கு மட்டும் காசு கணக்குப் பார்ப்பது நியாயமில்லை.

இலங்கை 1945இல் இலவசக் கல்வியை அறிவித்தது. அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் பெயர் அதனால் நிலைத்தது. தோட்டப் பாடசாலைகள் அந்தத் திட்டத்துக்கு வெளியே விடப்பட்டன. அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். நாடு முழுவதற்கும் இலவசம் என்று அறிவித்தது லயத்து வாசலுக்கு வர ஒரு தலைமுறைக்கு மேல் எடுத்தது. அன்று சட்டத்தில் விடப்பட்ட ஓட்டை அது. இன்று அப்படி எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். காணொளியோடு இறக்கிக்கொள்ளக்கூடிய சிறிய கோப்பையும் ஒலிப்பதிவையும் வையுங்கள், திறந்த உரிமத்தில். பதுளையிலோ பண்டாரவளையிலோ பசறையிலோ ஒரு பாடசாலை அறையை, வலயக் கல்விப் பணிமனையோடு பேசி, பின்னேரங்களில் திறக்கச் செய்யுங்கள். உங்கள் அடுத்த காணொளிக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை அந்த அறையைத் திறந்துவைக்கும் பிள்ளைக்குச் சம்பளமாகக் கொடுங்கள். பரீட்சையைப் பதுளையில் வையுங்கள். திறந்த பல்கலைக்கழக நிலையமும் ஊவா வெல்லஸ்ஸவும் இங்கேதான் இருக்கின்றன. தொழிற்சங்கங்களும் தோட்டக் கம்பனிகளும் பூட்டிக் கிடக்கும் சனசமூக நிலையங்களின் திறப்பைத் தரட்டும்.

கடைசியாக, எத்தனை இலட்சம் பேர் பதிந்தார்கள் என்று விளம்பரம் செய்வதை இந்த ஆண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக, பதுளை, மொனராகலை மாவட்டங்களிலிருந்து தமிழ்மொழி மூல மாணவர் எத்தனை பேர் பதிந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்ற இரண்டு எண்களை வெளியிடுங்கள். எண் சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை. அடுத்த ஆண்டும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பதுளையிலிருந்து உங்கள் பாடங்களைப் பார்க்கிறவர்களுள் ஒருவர்